அயல்மொழிப் பாடநூலில் பாலினமும் பாலீர்ப்பும்: வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

வரலாறு படிக்கும் மாணவர் தன்னைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அயல்மொழி வகுப்பில் அது நடக்காது. முதல் வாரமே "நான்" என்று தொடங்கித்தான் வாயைத் திறக்க வேண்டும். பெயர் என்ன, வீட்டில் யார் யார், திருமணம் ஆகிவிட்டதா, கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேள்விகள் வரிசையாக வரும். பாடநூலில் தன்னைப் போன்ற ஒருவர் இல்லாத மாணவருக்கு, இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லத் தேவையான சொற்களும் அந்தப் புத்தகத்தில் இருப்பதில்லை.

நான் ஜெர்மனும் பிரெஞ்சும் கற்பிக்கிறேன். பதின்ம வயதினரும் வருகிறார்கள். செவிலியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் வெளிநாடு செல்லவிருக்கும் பெரியவர்களும் வருகிறார்கள். பாடநூலில் பெண்களுக்கும், திருநர்களுக்கும், தன்பாலீர்ப்பாளர்களுக்கும் இடம் வேண்டும் என்று சொன்னால், சக ஆசிரியர்கள் சிலர் அதைப் பாடத்துக்கு வெளியே உள்ள சமூக அக்கறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் பாடமாகவே பார்க்கிறேன். தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல் தராத புத்தகம், மொழிப் பாடநூல் என்ற முறையிலேயே குறையுள்ளது. அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது, புத்தகத்தைத் தூக்கி எறியாமல் எப்படி ஈடுகட்டுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பென்சிலோடு ஒரு வாசிப்பு

புதிய புத்தகம் கைக்கு வந்ததும் இலக்கண அட்டவணையைத்தான் முதலில் புரட்டுவோம். அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவிடுங்கள். முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை. அறிமுகம், குடும்பம், தொழில், அன்றாட வேலைகள், உடல்நலம் ஆகிய பாடங்களை மட்டும் எடுங்கள். பிறரோடு உறவாடும் மனிதர்கள் அங்கேதான் நிறைய வருவார்கள்.

என்னென்ன எண்ண வேண்டும் என்பதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். கரென் பொரெக்கா 1984-இல் 15 ஆங்கிலப் பாடநூல்களை ஆராய்ந்தபோது சில அளவுகோல்களை வைத்துக்கொண்டார். எழுத்திலும் படத்திலும் ஆண், பெண் எத்தனை பேர், இருவர் பெயரும் சேர்ந்து வரும் இடத்தில் யார் பெயர் முதலில், யாருக்கு என்ன தொழில், யாரை எந்தப் பெயரடையால் வருணிக்கிறார்கள், ஆண்பாலைச் சொல்லி எல்லாரையும் குறிக்கும் வழக்கம் உண்டா என்பவை அவற்றில் முக்கியமானவை. யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்ட பாடநூல் ஆய்வு வழிகாட்டியும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது. ஒவ்வொரு பாத்திரத்தையும் பட்டியலிட்டு, அவர் யார், என்ன செய்கிறார், யாரோடு இருக்கிறார் என்று குறிக்கச் சொல்கிறது.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: ஆண், பெண், பாலினம் சொல்லப்படாதவர். இந்த மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். "வாடிக்கையாளர்", "மருத்துவர்" என்று பெயரில்லாமல் வரும் பாத்திரங்கள்தாம் பிறகு நமக்குக் கைகொடுக்கப்போகிறவர்கள்.

தலைகளை எண்ணுவதோடு நிறுத்தினால் இன்றைய புத்தகங்களில் பெரும்பாலானவை தேறிவிடும். பதிப்பகங்கள் தலைக்கணக்கைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டுவிட்டன. உண்மையான வேறுபாடு உரையாடலுக்குள் ஒளிந்திருக்கிறது. தொடக்கநிலைப் புத்தகங்களில் வழக்கமாக வரும் அச்சில் நானே எழுதிய ஒரு ரயில் நிலைய உரையாடல் இது:

பீட்டர்: ரயில் எத்தனை மணிக்கு?
அன்னா: தெரியவில்லை. நீதான் பார்க்க வேண்டும்.
பீட்டர்: பத்து நாற்பதுக்கு. ஏழாவது நடைமேடை. நான் டிக்கெட் வாங்கி வருகிறேன்.
அன்னா: சரி. எனக்குப் பசிக்கிறது.
பீட்டர்: அங்கே ஒரு கடை இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும்?
அன்னா: நன்றி, பீட்டர்!

ஆளுக்கு மூன்று முறை பேசுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரிசமம். சொற்களை எண்ணுங்கள்: பீட்டருக்கு 18, அன்னாவுக்கு 9. அடுத்து, யார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு கேள்விகளையும் பீட்டர்தான் கேட்கிறார். நேரத்தைச் சொல்கிறார், எண்ணைச் சொல்கிறார், இடத்தைக் காட்டுகிறார். அன்னா தெரியவில்லை என்கிறார், பசிக்கிறது என்கிறார், நன்றி சொல்கிறார்.

இதை வகுப்பில் இருவர் பயிற்சியாக நடத்துகிறோம். ஆண்கள் பீட்டராகவும் பெண்கள் அன்னாவாகவும் படிக்கிறார்கள். பாடத்தின் நோக்கம் மணி சொல்வதும் கேள்வி கேட்பதும். வகுப்பில் பாதிப் பேர் அந்த இரண்டையும் வாயால் சொல்லிப் பார்க்காமலேயே பாடத்தை முடித்துவிடுகிறார்கள். பெண்ணைப் பலவீனமாகக் காட்டியிருப்பது ஒரு குற்றம். பெண்ணுக்குப் பேசும் பயிற்சியையே குறைத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

ஆகவே உரையாடல்களை ஆராயும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் தொடங்குகிறார்? யார் கேட்கிறார்? யாருக்குத் தகவல் தெரிந்திருக்கிறது? எந்தப் பாத்திரத்தின் வரிகளில் பாடத்தின் புதிய இலக்கணம் இருக்கிறது? நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல புத்தகங்களில் என்னைத் திடுக்கிட வைத்திருக்கிறது.

மருந்து எளியது. இரண்டு முறை நடத்துங்கள், இரண்டாம் முறை பாத்திரங்களை மாற்றுங்கள். ஆண் அன்னாவாகவும் பெண் பீட்டராகவும் படிக்கட்டும். பெயர்கள் உறுத்தினால் பெயர்களை எடுத்துவிட்டு "பயணி ஒன்று", "பயணி இரண்டு" என்று பலகையில் எழுதிவிடுங்கள்.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜேன் சண்டர்லண்ட் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்து ஒன்று உண்டு. பாடநூலில் அச்சாகியிருப்பதோடு கதை முடிவதில்லை. அந்தப் பக்கத்தை வைத்து ஆசிரியர் வகுப்பில் என்ன பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல பாடத்தை ஆசிரியர் கெடுக்கவும் முடியும், மோசமான பாடத்தை நல்ல பாடமாக்கவும் முடியும். மாணவிகளை எப்போதும் அன்னாவாகப் படிக்கச் சொல்வது புத்தகத்தின் கட்டளை இல்லை, நம் பழக்கம்.

படங்கள், ஒலிப்பதிவுகள்

படங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் கையில் கருவி இருக்கிறது, யார் கையில் குழந்தை இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒலிப்பதிவுக்குக் கூடுதல் கவனம் தேவை. ரயில் நிலைய அறிவிப்பு, மருத்துவரின் தொலைபேசிச் செய்தி, வானொலிச் செய்தி ஆகியவற்றில் எந்தக் குரல் வருகிறது என்று குறித்துவையுங்கள். தேர்வில் அதிகாரக் குரலைப் புரிந்துகொள்ளும் பயிற்சி முழுவதும் ஆண்குரலிலேயே அமைந்திருந்தால், மாணவர்கள் பெண்குரலில் வரும் அறிவிப்பைக் கேட்டுத் தடுமாறக்கூடும். இது காதுப் பழக்கம்.

ஜப்பானிய மொழி கற்பிப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெண் பாத்திரங்களின் வாக்கியங்கள் மட்டும் எந்த இடைச்சொல்லில் முடிகின்றன, ஆண்கள் தம்மைக் குறிக்க "போகு", "ஓரே" என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இன்றைய இளைஞர்களின் பேச்சு, பழைய பாடநூல் காட்டும் அளவுக்கு ஆண் பேச்சு, பெண் பேச்சு என்று பிரிந்து நிற்பதில்லை.

தொழிற்பெயர்களும் விளிப்புகளும்

ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் தொழிற்பெயருக்கே, அதாவது ஒருவரின் தொழிலைச் சொல்லும் பெயருக்கே, ஆண்பால், பெண்பால் உண்டு. ஆசிரியர் ஆணென்றால் "லேரர்", பெண்ணென்றால் "லேரரின்". பாடநூலின் சொற்பட்டியலில் பெண்பால் வடிவத்தை முழுச் சொல்லாகத் தருகிறார்களா, வெறும் விகுதியைக் கோடு போட்டுத் தொங்கவிடுகிறார்களா என்று பாருங்கள். விகுதி மட்டும் தரப்பட்டால் மாணவர்கள் ஆண்பாலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள். நான் பலகையில் இரண்டையும் முழுமையாக எழுதுகிறேன். சொல் தேர்வு வைக்கும்போது பாதிக் கேள்விகளைப் பெண்பாலில் கேட்கிறேன்.

செவிலியரைக் குறிக்கும் சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய புத்தகங்களில், பெண்ணை மட்டும் குறிக்கும் "கிராங்கன்ஷ்வெஸ்டர்" என்ற சொல்லோடு வெள்ளைத் தொப்பி அணிந்த பெண் படம் இருக்கும். பேச்சில் அந்தச் சொல் இன்றும் கேட்கிறது. ஆனால் ஜெர்மனியின் செவிலியர் தொழிற்சட்டம் 2020 முதல் பெண்ணுக்கு "பிளேகஃபாக்ஃப்ராவ்", ஆணுக்கு "பிளேகஃபாக்மான்" என்ற பெயர்களைத் தருகிறது. வேலைக்கான ஆவணங்களில் இவை வரும். என் வகுப்பில் செவிலியர் படிப்பு முடித்த ஆண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் தொழிலுக்குப் பெயரே தராத பாடத்தை அவர்கள் முன்னால் நான் எப்படி நடத்துவது?

விளிப்புகளிலும் காலாவதியான சரக்கு கிடக்கும். மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் 1972-இலேயே அலுவலக வழக்கிலிருந்து, மணமாகாத பெண்ணுக்கான "ஃப்ராய்லைன்" என்ற விளிப்பை நீக்கச் சொல்லிவிட்டது. பிரான்ஸில் 2012-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, அரசுப் படிவங்களிலிருந்து அதே பொருளுள்ள "மத்மொஸெல்" என்ற விளிப்பை எடுத்துவிட்டது. மணமானவரா இல்லையா என்று பெண்ணிடம் மட்டும் கேட்டு விளிக்கும் வழக்கம் படிவத்தில் இல்லை என்றால், நம் படிவம் நிரப்பும் பயிற்சியிலும் இருக்கக் கூடாது. உங்கள் புத்தகத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

பிரெஞ்சு கற்பிப்பவர்களுக்குச் சில தேதிகள் உதவும், ஏனென்றால் மாணவர்கள் கேட்பார்கள். தொழிற்பெயர்களுக்குப் பெண்பால் வடிவம் ஏற்கத் தக்கதே என்று பிரெஞ்சு அகாதெமி 2019-இல் அறிக்கை ஏற்றது. ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவான "இயெல்" என்ற பிரதிப்பெயரை ரொபேர் அகராதி 2021-இல் தன் இணையப் பதிப்பில் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம், சொல்லின் நடுவே புள்ளி வைத்து இருபாலையும் எழுதும் முறையைப் பள்ளிகளில் பயன்படுத்தக் கூடாது என்றது. தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவத்தையோ ஊக்குவித்தது. ஜெர்மன் பக்கத்திலும் இதே இழுபறிதான். சொல்லின் நடுவே உடுக்குறி (*) வைத்து எழுதும் முறை பல்கலைக்கழகங்களிலும் ஊடகங்களிலும் பரவியிருக்கிறது. ஜெர்மன் எழுத்துமுறைக் குழு அதை அதிகாரபூர்வ விதிகளில் சேர்க்கவில்லை. பவேரியா மாநிலம் 2024 ஏப்ரல் முதல் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அதைத் தடைசெய்திருக்கிறது.

இத்தனை குழப்பத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது? புரிந்துகொள்ளக் கற்பிப்பதையும் எழுதக் கற்பிப்பதையும் நான் பிரித்துக்கொள்கிறேன். புரிந்துகொள்ள எல்லாருக்கும் எல்லாமும் தெரிய வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் உடுக்குறியோடு ஒரு சொல் வந்தால் அது அச்சுப் பிழை இல்லை என்றும், வாசிக்கும்போது அந்த இடத்தில் சிறு இடைவெளி விட வேண்டும் என்றும் தெரிய வேண்டும். தேர்வில் எழுத, இரண்டு வடிவத்தையும் சேர்த்து "ஆசிரியைகளும் ஆசிரியர்களும்" என்று எழுதும் முறையைக் கற்பிக்கிறேன். அது எல்லா விதிக்கும் உட்பட்டது, மதிப்பெண் போகாது. இன்னும் ஒரு படி மேலே போக விரும்புபவர்களுக்கு "லேர்கிராஃப்ட்", "ஷ்டுடீரெண்டெ" போன்ற பால் காட்டாத சொற்கள் இருக்கின்றன.

பேசாமல் விடப்படுபவர்கள்

பாலினத்தை எண்ணிவிடலாம். பாலீர்ப்பை எண்ண முடியாது, பெரும்பாலான புத்தகங்களில் அது பூஜ்யம். ஆங்கிலப் பாடநூல் உலகில் "பார்ஸ்னிப்" என்று ஒரு பட்டியல் பேசப்படுகிறது. அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், கொள்கைவாதங்கள், பன்றி இறைச்சி ஆகிய ஏழு பொருள்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. எல்லா நாட்டிலும் விற்க வேண்டிய புத்தகத்தில் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது பதிப்பக வழக்கு. இதில் நடந்த அநியாயம் என்னவென்றால், ஓர் ஆண் தன் கணவரைப் பற்றிச் சொல்வதும் "பாலுறவு" என்ற தலைப்புக்குள் போய்விட்டது. பீட்டரும் அன்னாவும் திருமணம் செய்துகொண்டு தேனிலவு போகும் பாடத்தை யாரும் அந்தத் தலைப்பில் சேர்ப்பதில்லை. அது "குடும்பம்".

நாட்டறிவு என்ற பெயரில் அந்நாட்டு வாழ்க்கையைக் கற்பிக்கிறோம் என்று சொல்லும் புத்தகத்துக்கு இது தகவல் பிழையும்கூட. தன்பாலினத் திருமணம் நெதர்லாந்தில் 2001 முதல், ஸ்பெயினில் 2005 முதல், அர்ஜென்டினாவில் 2010 முதல், பிரான்ஸில் 2013 முதல், ஜெர்மனியில் 2017 அக்டோபர் முதல், தைவானில் 2019 முதல் சட்டபூர்வமானது. பிரான்ஸில் 1999 முதல் "பாக்ஸ்" என்ற ஒப்பந்தமும் இருக்கிறது; திருமணம் செய்துகொள்ளாமல் இருவர் இணைந்து வாழ்வதைப் பதிவுசெய்வது அது. ஆண்–பெண் இணையர்களும் அதைச் செய்துகொள்கிறார்கள். படிவங்களில் வரும் சொல் அது. ஜெர்மனியில் பிறப்புப் பதிவேட்டில் ஆண், பெண் என்பவற்றோடு "டிவேர்ஸ்" என்ற பதிவு 2018 டிசம்பர் முதல் உண்டு. வேலை விளம்பரங்களில் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் அடைப்புக்குள் நிற்கும்; மூன்றாவது எழுத்து இந்தச் சொல்லின் சுருக்கம். வேலை தேடும் மாணவருக்கு இதை விளக்காமல் விடுவது எந்த நியாயம்?

என் வகுப்பில் நடந்தது ஒன்று. நண்பர்களைப் பேசவைத்து ஒரு கேட்டல் பயிற்சியை நானே பதிவு செய்தேன். தோமாஸ் என்பவர் வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்கிறார். "நாளை நான் வேலைக்குப் போய்விடுவேன், என் கணவர் வீட்டில் இருப்பார்" என்கிறார். ஆண்குரல் "மைன் மான்" என்று சொல்கிறது. கேள்வித்தாளில் ஒரு கேள்வி: நாளை வீட்டில் யார் இருப்பார்? முன்வரிசையில் மூவர் "அவருடைய மனைவி" என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய காதில் தெளிவாக விழுந்த சொல்லை, மனம் திருத்தி எழுதியிருந்தது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவர் கையைத் தூக்கி, "ஒலிப்பதிவில் தவறு இருக்கிறது" என்றார்.

மறுபடியும் ஓடவிட்டேன். "நீங்கள் கேட்டது சரிதான், எழுதியதுதான் தவறு" என்றேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு செவிலியர் வேலைக்குப் போகவிருக்கும் ஒரு பெண் கேட்டார்: "மேடம், ஆண் நோயாளியைப் பார்க்க ஒருவர் வந்து 'நான் இவருடைய கணவர்' என்றால், நான் என்ன சொல்ல வேண்டும்?" அந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் ஒதுக்கினேன். எல்லாருக்கும் சொல்வதையே சொல்ல வேண்டும்: வணக்கம், உட்காருங்கள், மருத்துவர் இப்போது வந்துவிடுவார். வந்தவர் யாரென்று தெரியாதபோது, "நீங்கள் சகோதரரா?" என்று ஊகித்துக் கேட்கக் கூடாது. நோயாளிக்கு உற்றவர் என்று பொருள்படும் "ஆன்கெஹோரிகெ" என்ற சொல் இருக்கிறது, அதைக் கொண்டு கேட்கலாம். அன்று வகுப்பில் எல்லாரும் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்கள்.

துணைப் பயிற்சி எழுதும்போது

அந்த அனுபவத்தில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட வழி இது: தன்பாலிணையர் வரும் பாடம் தன்பாலீர்ப்பைப் பற்றிய பாடமாக இருக்கக் கூடாது. தோமாஸின் பாடம் பழுதான இயந்திரத்தைப் பற்றியது. அவருடைய கணவர் அதில் வீட்டில் இருப்பவர், அவ்வளவுதான். "தன்பாலினத் திருமணம் சரியா, தவறா?" என்று வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் நடத்தும் பயிற்சிகளை நான் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை, நீங்களும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தலைப்பாக வைத்து, எதிரணிக்கும் சமமாக நேரம் ஒதுக்கி, மொழிப் பயிற்சி என்று பெயர் சூட்டுவது கொடுமை. விவாதத்துக்கு வேறு தலைப்புகளா இல்லை?

புதிதாகப் பாடம் எழுத நேரம் இல்லாதவர்கள் ஒரு பெயரை மாற்றினால் போதும். குடும்ப மரப் பயிற்சியில் அத்தையின் துணைவர் பெயரைப் பெண் பெயராக்குங்கள். மாமாவுக்குத் துணையே இல்லாமல் இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு அம்மா மட்டும் இருக்கட்டும், இன்னொரு குழந்தைக்குத் தாத்தா பாட்டி மட்டும் இருக்கட்டும். உடைமைச் சொல் இலக்கணம் இப்போது இன்னும் நன்றாக நடக்கும். "அவளுடைய மனைவி", "அவனுடைய கணவர்" என்று எழுதும் மாணவர் ஊகத்தை விட்டு உடைமைச் சொல்லின் வடிவத்தைக் கவனித்தாக வேண்டும். இலக்கணம் புரிந்திருக்கிறதா என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இருபாலுக்கும் வழங்கும் பெயர்களும் கைவசம் இருக்கட்டும். பிரெஞ்சில் கமீய், தொமினிக், க்ளோத். ஜெர்மனில் கிம், ரொபின். பெண் பொறியாளர், ஆண் மழலையர் பள்ளி ஆசிரியர் என்று தலைகீழாகவே எல்லாவற்றையும் எழுதிக் குவிக்க வேண்டாம். அதுவும் செயற்கையாகிவிடும், மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கலந்து வரட்டும்.

கேட்கக் கூடாத கேள்வி

புத்தகத்தைச் சரிசெய்துவிட்டு, வகுப்பில் "உனக்குக் காதலி உண்டா?" என்று கேட்டால் எல்லாம் வீண். ஒரு மாணவருக்கு அது சாதாரணக் கேள்வி. இன்னொருவருக்கு, எல்லார் முன்னிலையிலும் பொய் சொல்வதா, தன்னை வெளிப்படுத்திக்கொள்வதா என்று ஒரே நொடியில் முடிவெடுக்க வேண்டிய கேள்வி. மணமுறிவு பெற்றவருக்கும், துணையை இழந்தவருக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் இதே கதிதான்.

இந்தக் கேள்வி தேவையே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கோதே நிறுவனத்தின் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தரும் குறிப்புச் சொற்கள் பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவை மட்டுமே. மணநிலை அதில் இல்லை. மணநிலைச் சொற்களைக் கற்பிக்கத்தான் வேண்டும், படிவத்தில் வரும். அவற்றைக் கற்பனைப் பாத்திரத்தை வைத்துக் கற்பியுங்கள். நான் பாத்திர அட்டைகள் தருகிறேன். பெயர், வயது, மணநிலை, வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் அட்டையில் இருக்கும். மாணவர் அதைப் பார்த்துப் பேசுவார். குடும்பக் கட்டுரைக்கு "உன் குடும்பத்தைப் பற்றி அல்லது உனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அல்லது கற்பனைக் குடும்பத்தைப் பற்றி எழுது" என்று தலைப்புத் தருகிறேன். எதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பதில்லை.

தானாக முன்வந்து சொல்லும் மாணவர் வேறு. அவருக்குச் சொல் கொடுப்பது நம் கடமை. ஆண், பெண் என்ற இருமைக்குள் தன்னை வைத்துக்கொள்ளாத மாணவருக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் முதல் நாளே முட்டுக்கட்டை போடும். "நான் மாணவன்", "நான் மாணவி" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வினைச்சொல் பக்கம் நகர்த்திவிடுங்கள். ஜெர்மனில் "நான் இயற்பியல் படிக்கிறேன்", "நான் வங்கியில் வேலை செய்கிறேன்" என்றால் பால் காட்ட வேண்டியதில்லை. பயனிலையாக வரும் பெயரடைக்கும் அங்கே பால் விகுதி கிடையாது. பிரெஞ்சில் பெயரடை மாறும் என்பதால், இருபாலுக்கும் ஒரே வடிவம் உள்ள "ழேன்", "லீப்ர்", "கால்ம்" போன்றவற்றையும், "அர்த்தீஸ்த்", "ழுர்னலீஸ்த்" போன்ற தொழிற்பெயர்களையும் ஒரு சிறு பட்டியலாகக் கையில் கொடுங்கள். பிரதிப்பெயர்களில் சுவீடிஷ் முந்திக்கொண்டுவிட்டது: "ஹென்" என்ற பொதுப் பிரதிப்பெயர் 2015-இல் சுவீடிஷ் அகாதெமியின் சொல்லடைவில் ஏறியது. ஜெர்மனில் அப்படி நிலைபெற்ற ஒன்று இன்னும் இல்லை; பெயரையே மீண்டும் சொல்வது இயல்பாகக் கேட்கும். தேர்வில் எந்த வடிவத்தை எழுதினால் மதிப்பெண் போகாது என்பதை அந்த மாணவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது.

எதிர்ப்பு வரும்போது

பெற்றோரோ நிர்வாகமோ கேள்வி கேட்டால் பாடத்தின் மொழியிலேயே பதில் சொல்லுங்கள். இந்த நாட்டில் இந்தச் சட்டம் இருக்கிறது, படிவத்தில் இந்தச் சொல் வருகிறது, மாணவருக்கு அது புரிய வேண்டும். மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுக் கட்டமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் துணைத்தொகுதி, தன் திறன் விளக்கங்களை எல்லாம் பால் சாராத நடைக்கு மாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லலாம். பாடத்திட்டம் வகுப்பவர்கள் மதிக்கும் ஆவணம் அது.

நீங்கள் வேலை செய்யும் இடத்தின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரஷ்யாவில் 2013-இலும் ஹங்கேரியில் 2021-இலும் சிறுவர்களுக்குத் தன்பாலீர்ப்பைப் பற்றிய சித்திரிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியரை ஆபத்தில் தள்ளும் அறிவுரையை நான் தரமாட்டேன், மாணவரை ஆபத்தில் தள்ளும் அறிவுரையை எங்கேயும் தரமாட்டேன். ஆனால் பாத்திரங்களை மாற்றி வாசிக்கவைப்பது, பெண்பால் தொழிற்பெயரை முழுமையாக எழுதுவது, அந்தரங்கக் கேள்வியைத் தவிர்ப்பது ஆகிய மூன்றுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வகுப்பில் கேலிச் சிரிப்பு எழுந்தால் நீண்ட உரை வேண்டாம். "இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு மாணவரைக் குறிவைத்துக் கேலி செய்தால் அது வேறு விஷயம். வகுப்பை அங்கேயே நிறுத்தி, அவருக்குத் துணையாக நின்று கண்டியுங்கள்.

பதிப்பகத்துக்கு எழுதுங்கள்

பென்சிலால் குறித்த தாளை மேசையில் வைத்துப் பூட்டாதீர்கள். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதும்போது "உங்கள் புத்தகம் பிற்போக்கானது" என்று எழுதினால் நன்றி சொல்லிப் பதில் வரும், வேறெதுவும் நடக்காது. பக்க எண், பயிற்சி எண், இருக்கும் வரி, அதற்குப் பதிலாக நீங்கள் முன்மொழியும் வரி ஆகிய நான்கையும் தாருங்கள். மாற்று வரி அதே நீளத்தில், அதே இலக்கணத்தில், அதே சொல்லளவில் இருக்கட்டும்; பக்க வடிவமைப்பைக் கலைக்காத திருத்தத்தை மறுபதிப்பில் சேர்ப்பது அவர்களுக்கு எளிது. ஒரே புத்தகத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு அச்சு என்பதையும் குறிப்பிடுங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் படங்களைப் பார்த்து நிறைவடைந்துவிட வேண்டாம். படத்தை மாற்றுவது எளிது. குரல் நடிகர்களை அழைத்து ஒலிப்பதிவை மீண்டும் எடுப்பது செலவு. புதுப்படத்துக்கு அடியில் பழைய உரையாடல் ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னிணைப்பில் இருக்கும் ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து, பழைய பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கேள்வி கேட்கும் வரிகளை ஒரு வண்ணத்திலும், பதில் சொல்லும் வரிகளை இன்னொரு வண்ணத்திலும் அடிக்கோடிட்டால் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மாறாதவற்றைக் கொண்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.